ஸ்டீலை விட்டுக் கார்பனுக்குப் போகலாமா? காற்றடிக்கும் ஊரிலிருந்து ஒரு கணக்கு

பழைய பேப்பர் கடைத் தராசில் இரண்டு சைக்கிளையும் தொங்கவிட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தக் கணக்கு ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் கடை. என் ஸ்டீல் சைக்கிள் 11.2 கிலோ காட்டியது. சித்தி மகனின் கார்பன் சைக்கிள் 8.6. கடைக்கார அண்ணாச்சி முதலாவதைத் தட்டிப் பார்த்து, "நல்ல இரும்புல்லா, நல்ல ரேட்டு போட்டுத் தாரேன்" என்றார். இரண்டாவதை விரலால் சுண்டியதும் முகம் மாறிவிட்டது. "இது பிளாஸ்டிக்கு வே. எடைக்கு எடுத்தா எனக்குத்தான் நட்டம்." இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்கு அது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன பங்குனியில் அந்தத் தம்பி வேலை விஷயமாக மூன்று வாரம் துபாய் போயிருந்தான். "சும்மாதான நிக்குது, எடுத்து ஓட்டுங்கண்ணே. கீழ மட்டும் போட்டுராதிய" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு வயது 43, எடை 74 கிலோ. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை அதைவிடக் கொஞ்சம் அதிகம், வருடத்துக்கு இரண்டு பிரவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, போட்டி இல்லாத நெடுந்தூர ஓட்டம். பந்தயத்தில் ஓடுகிறவன் இல்லை. கார்பன் வாங்கலாமா என்று இரண்டு வருடமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விக்கு இந்த மூன்று வாரத்தில் பதில் கிடைத்தது. நான் எதிர்பார்த்த பதில் இல்லை அது.

எடையை முதலில் பிரித்துப் போடுவோம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், கார்பன் இழையும் எபாக்ஸிப் பிசினும் சேர்ந்த கலவை 1.6 கிராம்தான். ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் அந்த வித்தியாசம் அப்படியே சைக்கிளுக்கு வந்து சேராது. எஃகுக்கு வலு அதிகம் என்பதால் குழாயின் சுவரை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லிசாக்கிவிட முடிகிறது. என்னுடையது போன்ற குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) ஃபிரேம் இரண்டு கிலோ பக்கம் வரும். நடுத்தர விலைக் கார்பன் ஃபிரேம் ஒரு கிலோ, மிஞ்சினால் 1.2. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் இன்னொரு அரைக் கிலோ. ஆக, ஃபிரேமையும் ஃபோர்க்கையும் மாற்றினால் குறைவது ஒன்றரைக் கிலோ. மீதமுள்ள ஒரு கிலோ சொச்சம் சக்கரம், பெடல் மாட்டும் கிராங்க், சீட், ஹேண்டில்பார் என்று நாலா பக்கமும் சிதறிக் கிடக்கிறது. அதில் ஒரு பங்கை ஸ்டீல் சைக்கிளிலேயே குறைத்துக்கொள்ளலாம்.

கடையில் கார்பன் என்று வாயெடுத்ததும் 6.8 கிலோ என்பார்கள். அது பந்தயத்துக்கு சர்வதேச சைக்கிள் சங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை. இரண்டு லட்சத்துக்குள் கிடைக்கும் டிஸ்க் பிரேக் கார்பன் சைக்கிள் எட்டரை, ஒன்பது கிலோவில்தான் நிற்கும். பெரிய ஆட்களுக்குக்கூட மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1986-இல் கிரெக் லெமாண்ட் கார்பன் ஃபிரேமில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அதற்கு எட்டு வருடம் கழித்து, 1994-இல், மிகேல் இந்துராயின் ஸ்டீலில் ஓட்டி அதே பந்தயத்தை ஜெயித்தார்.

இதைவிட முக்கியமான ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மெக்கானிக் அண்ணாச்சி. கார்பன் ஃபிரேம் மட்டும் வாங்கி என் பழைய சாமான்களை அதில் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். என்னுடையது 2012-இல் வந்தது: ரிம் பிரேக், பின்பக்கம் சக்கரம் உட்காரும் அகலம் 130 மில்லிமீட்டர், 9 கியர், 25 மில்லிமீட்டர் டயர். புதியதில் டிஸ்க் பிரேக், 142 மில்லிமீட்டரில் உள்ளே நுழைந்து திருகும் கனமான அச்சு, 12 கியர், 32 மில்லிமீட்டர் டயர். சக்கரம் சேராது, பிரேக் சேராது, ஹேண்டில் திரும்பும் இடத்து ஹெட்செட் சேராது. "பெடலு, சீட்டு, பாட்டில் கூடு. இதுக்கு மேல ஒண்ணும் மிஞ்சாது அண்ணாச்சி" என்று கையை விரித்துவிட்டார்.

நாம் ஒப்பிடுவது ஸ்டீலையும் கார்பனையும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பத்துப் பன்னிரண்டு வருட இடைவெளியில் வந்த இரண்டு சைக்கிள்களை ஒப்பிடுகிறோம். புதியதை மிதித்துவிட்டு "கார்பன்னா கார்பன்தான்!" என்று வியக்கிறவர் பாதி நேரம் அகலமான டயரையும் மழையில் பிடிக்கிற பிரேக்கையும்தான் வியக்கிறார். ஃபிரேம் இரும்பாக இருந்தாலும் அவை அப்படியேதான் இருக்கும்.

சரி, ஓட்டிப் பார்த்த கதை. பாளையங்கோட்டையிலிருந்து நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டிப் போய்த் திரும்பினால் 60 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்புவேன். பங்குனியில் அந்த நேரத்தில் காற்று அவ்வளவாக இருக்காது. இதயத்துடிப்பு 140-ஐத் தாண்டாமல் ஓட்டினேன். ஸ்டீலில் 2 மணி 24 நிமிடம். கார்பனில் 2 மணி 17. ஏழு நிமிடம்! அன்றைக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. வங்கிக் கடன் வட்டியையெல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். தம்பி சைக்கிளில் இருந்தது நல்ல பந்தய டயர். என்னுடையதில் கம்பெனியோடு வந்த தடித்த டயருக்குப் பதில் அதே மாதிரி தடித்த இன்னொன்றைத்தான் இத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பியுடைய டயரின் அதே ரகத்தில் 28 மில்லிமீட்டர் ஒரு ஜோடி வாங்கினேன். என் ஃபிரேமில் அதற்கு மேல் நுழையாது, அதுவே பிரேக்குக்கு அடியில் ஒரு நூல் இடைவெளியில்தான் சுற்றுகிறது. பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. மறுபடி அதே சாலை, அதே நேரம். 2 மணி 19 நிமிடம் 30 நொடி. ஏழு நிமிடத்தில் நாலரை நிமிடம் டயரிலேயே இருந்திருக்கிறது. நாலைந்து காலை ஓட்டிப் பார்த்த ஒரு ஆளின் கணக்கு இது, பரிசோதனைக்கூடத்து முடிவு இல்லை. ஆனால் மட்டமான டயருக்கும் நல்ல டயருக்கும் இடையில், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து, பத்து வாட்டுக்கு மேல் வித்தியாசம் வருவது சைக்கிள்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. என்னைப் போல மிதிக்கிறவனிடம் இருப்பதே நூற்றைம்பது, நூற்றியெண்பது வாட்தான்.

மீதி இரண்டரை நிமிடம்? அதற்கு நம்ம ஊர்க் காற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சைக்கிள் மிதிக்கிறவனுக்குப் பழமொழி இல்லை, அன்றாடப் பாடு. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குக் காற்று புகுந்து அடிக்க ஆரம்பித்தால் புரட்டாசி வரை விடாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மா முளைக்கவில்லை. அந்த மாதங்களில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு நோக்கிய சாலை, காற்று நேராக முகத்தில். எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர், நம் வேகம் 20. சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து என் எடை 87 கிலோ. காற்றைக் கிழிக்க மட்டும் சுமார் 140 வாட் வேண்டும். டயர் தரையில் உருள்வதற்கு இருபது சொச்சம். அவ்வளவுதான் செலவு. இதில் சைக்கிள் எடையை 2.6 கிலோ குறைத்தால் எவ்வளவு மிச்சம் தெரியுமா? ஒரு வாட்டுக்கும் குறைவு. அதே சாலையில் பிரேக் பிடியிலிருந்து கையை எடுத்து ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்து முதுகைத் தாழ்த்தினால் 15 வாட் மிச்சம். இதற்குக் காசு கிடையாது. இடுப்பு ஒத்துழைத்தால் போதும்.

தம்பி சைக்கிளின் ஹேண்டில்பார் என்னுடையதைவிட மூன்று விரற்கடை தாழ்வாக இருந்தது. மீதி இரண்டரை நிமிடத்தில் பெரும்பங்கு அதுதான் என்பது என் முடிவு. மெக்கானிக்கிடம் சொல்லி, ஹேண்டில்பாரைத் தாங்கும் என் ஸ்டெம்மைக் கீழே இறக்கிவைத்தேன். ஒரு வாரம் கழுத்து வலித்தது, பிறகு பழகிவிட்டது.

காற்றுக்கென்றே செய்த கார்பன் சைக்கிள்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். குழாய்களைத் தட்டையாக்கி, கேபிள்களை உள்ளே மறைத்த சைக்கிள்கள். உண்மைதான், அவை கொஞ்சம் கொடுக்கும். ஆனால் அந்த மாதிரி சைக்கிளோடு ஐம்பது மில்லிமீட்டர் ஆழமான ரிம்மும் சேர்ந்தே வரும். அதை மாட்டிக்கொண்டு ஆடி மாதம் பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். சாலை தெற்கே போகிறது, காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது காற்று ஒரு விநாடி அறுந்து, மறுபடி பளார் என்று விழும். முன் சக்கரம் தானாகத் திரும்பும். நான் சாதா ரிம்மிலேயே அந்த இடத்தில் ஒன்றிரண்டு முறை வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருக்கிறேன்.

இனி மலை. கார்பன் தன் விலையைத் திருப்பித் தரும் இடம் ஏற்றம்தான், அதில் மறுபேச்சில்லை. 300 மீட்டர் உயரம் ஏற வேண்டும், 180 வாட் மிதிக்கிறேன் என்றால் 2.6 கிலோ குறைவு எனக்கு 40 நொடிக்குச் சற்று மேல் மிச்சம் பண்ணித் தரும். மொத்த ஏற்றமே 24, 25 நிமிடம். மோசமில்லை. சங்கடம் என்னவென்றால் நமக்குப் பொதிகை தினமும் கண்ணுக்குத் தெரியும், காலுக்குக் கிடைக்காது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, இந்தப் பக்கம் களக்காடு, எல்லாம் 1988-இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். நினைத்த காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏற முடியாது. திறந்திருப்பது புளியரையிலிருந்து கோட்டைவாசல் ஏறும் வளைவுச் சாலை. அதிலும் கேரளா போகும் லாரிகளின் புகையைக் குடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மாசத்துக்கு ஒரு தடவைகூட மலைக்குப் போகாதவன் மலைக்கான சைக்கிளுக்குப் பணம் கொடுத்தால் நாற்பது நொடியை எங்கே போய் எண்ணுவது?

சொகுசு விஷயத்தில் இரண்டு கட்சியும் கதை விடுகிறார்கள். ஸ்டீல் கட்சிக்காரர்கள் இரும்பு ஃபிரேம் வில் மாதிரி வளைந்து கொடுக்கும் என்பார்கள். கார்பன் கட்சி, இழை அதிர்வைக் குடித்துவிடும் என்று சொல்லும். முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம் எதுவானாலும் மேலும் கீழுமாக வளைவது மிகக் கொஞ்சம். முதுகுக்குத் தெரிவது டயரும் சீட் போஸ்ட்டும். 25 மில்லிமீட்டர் டயரில் 90 பிஎஸ்ஐ காற்று அடிப்பதும் 32-இல் 60 அடிப்பதும் இரண்டு வேறு உலகம். கோயில் கொடைக்குப் பந்தல் போட்ட குழியை மூடாமல் விட்ட உள்ளூர்ச் சாலைகளில் இது நன்றாகவே தெரிந்தது. தம்பி சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த பிறகு எனக்கு ஏக்கமாக இருப்பது அந்த அகலமான டயர் ஒன்றுக்குத்தான்.

பராமரிப்பில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். உவரி வரை போய்க் கடற்கரைக் காற்றில் நின்றுவிட்டு வருவது எனக்குப் பிடித்த ஞாயிறு. வியர்வையும் உப்பும் சேர்ந்து சீட் போஸ்ட் வழியாக ஃபிரேமுக்குள் இறங்கியிருக்கிறது. மூன்று வருடம் நான் அதைக் கழற்றவே இல்லை. போஸ்ட் அலுமினியம், குழாய் இரும்பு. உப்புத் தண்ணீர் நடுவில் இருந்தால் அலுமினியம் அரித்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் அண்ணாச்சி இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வைசில் மாட்டித் திருகி, கடைசியில் ரம்பத்தால் உள்பக்கமாக அறுத்துத்தான் எடுத்தார். வெளியே வந்த துண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, சுண்ணாம்பு மாதிரி. "வருசத்துக்கு ஒருக்கா கிரீஸ் வச்சிருந்தா இந்தப் பாடு உண்டுமா?" என்றார். அதிலிருந்து வருடம் ஒரு முறை ஓவராயில். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்களுக்குள் விட்டு, ஃபிரேமைத் திருப்பித் திருப்பி வடியவிட்டுக் காயவைக்கிறேன்.

கார்பனுக்குத் துரு இல்லை. அதற்குப் பதில் கைப்பழக்கத்தை மாற்றவேண்டும். ஆணியைக் கைக்கு வந்தபடி முறுக்கும் ஆள் அதைத் தொடக் கூடாது. 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் டார்க் ஸ்பானர் வைத்து அதே அளவுக்குத்தான் முறுக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு மாட்ட முடியாது. ஆம்னி பஸ் டிக்கியில் மூட்டைகளோடு படுக்கப்போட முடியாது. கீழே விழுந்து அடிபட்டால் இரும்பு சொட்டையாகக் காட்டிவிடும். கார்பன் வெளியே கீறலோடு சிரித்துக்கொண்டு உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடம் 'டிக் டிக்' என்று கேட்கும், பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். சந்தேகத்தைக் கிளப்ப இது போதும், தீர்க்கப் போதாது. பழைய கார்பன் சைக்கிள் வாங்குகிறவர்கள் இதனால்தான் முன்பின் தெரிந்த ஆளிடம் வாங்க வேண்டும் என்கிறேன்.

ஸ்டீல் உடைந்தால் எந்த மூலையிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெருமை உண்டு. நம்பாதீர்கள். கேட்டும் கிரில்லும் ஒட்டுகிற கடையில் கொடுத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாய் ஓட்டை விழுந்துவிடும். பித்தளை வைத்து ஒட்டத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

பணத்துக்கு வருவோம். என் ஸ்டீலில் நான் செய்தது: டயர், பின்சக்கரத்துக்குப் பெரிய பல் வைத்த கேசட், புதுச் செயின், கேபிள், பிரேக் கட்டை, ஸ்டெம் வேலை, சக்கரம் இரண்டுக்கும் கோட்டம் எடுத்தது, எல்லாம் சேர்த்து 21 ஆயிரத்துச் சொச்சம். கார்பனுக்குச் சொன்ன விலை 1,95,000. அதில் பெடல், பாட்டில் கூடு, டார்க் ஸ்பானர் தனி. 2025 செப்டம்பர் 22-இலிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, அதனால் பழைய விலைப்பட்டியலைக் காட்டுகிற கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருப்பதை யாரும் பேசுவதில்லை: அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக். லட்சத்தைச் சுற்றி, பத்து கிலோவுக்குள் வந்துவிடும். அகலமான டயர் நுழையும், மழையில் பிரேக் நிற்கும். கார்பனில் எனக்குப் பிடித்ததில் முக்கால்வாசி இதில் இருக்கிறது. என் ஃபிரேம் அளவு எனக்குப் பொருந்தாமல் இருந்திருந்தால் யோசிக்காமல் இதைத்தான் வாங்கியிருப்பேன். உங்களுடையது அளவு தப்பு, முழங்கால் வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேண்டாம், சைக்கிளை மாற்றுங்கள்.

பிரவே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. 200 கிலோமீட்டரை முடிக்க பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சராசரி 15 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே ஆளைக் கவிழ்ப்பது வெயில், வயிறு, பஞ்சர். எடை இல்லை.

தம்பிக்குக் கார்பன் தப்பா? இல்லை, அவனுக்கு அதுதான் சரி. 26 வயது, பந்தயத்துக்குப் போகிறான், மாதம் ஒரு முறை வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறான். 1,700 மீட்டருக்கு மேல் ஏற்றம். 200 வாட்டில் மிதித்தாலும் 2.6 கிலோவுக்கு மூன்றரை நிமிடம் மிச்சம். கூட ஏறுகிற கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வதா, தனியாகப் பின்தங்குவதா என்பதே அந்த மூன்றரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

ஊர் திரும்பிய அன்றைக்கே வந்துவிட்டான். செல்போன் லைட்டை அடித்து ஃபிரேமைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எங்கயும் போடலல்லா?" இல்லலே என்றேன். ஒரு கையால் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். எங்கள் வீடு இரண்டாவது மாடி, 34 படி. மறுநாள் காலை நாங்குநேரி போய்விட்டு வந்து என் இரும்பைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூன்று வாரத்தில் எடை வித்தியாசம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் அந்தப் படிக்கட்டுதான். கீழ்வீட்டு ஆச்சியிடம் கேட்டு, அதை இப்போது படிக்கு அடியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.